பல கை, ஒரே நேரம்: திருப்பூர் பனியன் தொழிலில் வேலையைப் பிரித்த வரலாறு

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டை முழுவதும் ஒரே ஆள் தைப்பதில்லை. பெரும்பாலும் அது ஒரே கூரையின் கீழ் உருவாவதும் இல்லை. நூல் ஓரிடத்தில் துணியாகிறது. அந்தத் துணிக்கு வேறோர் இடத்தில் சாயம் ஏறுகிறது. மூன்றாம் இடத்தில், பிறகு சுருங்காதபடி துணியை நெருக்கும் காம்பாக்டிங் முடிந்து, நான்காம் இடத்தில் வெட்டுப்படுகிறது. தைப்பதும் பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. ஒரு வேலையைத் துண்டுகளாகப் பிரித்து, அத்துண்டுகளை முடிந்தவரை ஒரே நேரத்தில் வெவ்வேறு கைகளில் ஓட்டுவது இவ்வூரின் உற்பத்தி முறை. கணினித் துறையில் இதையே இணைச் செயலாக்கம் என்கிறார்கள். ஒரு வலைப்பக்கத்தை உலாவி திரையில் அடுக்கிக் காட்டும் வேலையை வேகப்படுத்த, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த வழியைத்தான் கணினி ஆய்வாளர்கள் கையில் எடுத்தார்கள்.

திருப்பூரில் இந்தப் பிரிப்பு ஒரே நாளில் வந்ததல்ல. பின்னல் மிஷினுக்குள், தையல் கூடத்துக்குள், ஊர் முழுவதும் என மூன்று மட்டங்களில், வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால் அது நடந்தது. ஒவ்வொரு பிரிப்பும் வேகத்தைக் கூட்டியது. பிரித்ததை மீண்டும் சேர்க்கும் இடத்தில் ஒரு செலவையும் வைத்தது. பிரிக்கவே முடியாத ஒரு வேலை கடைசியில் எல்லாவற்றின் வேகத்தையும் தீர்மானித்தது.

தொடக்கம்

இந்தியாவில் பின்னலாடைத் தொழில் 1893இல் கல்கத்தாவின் கிடர்ப்பூரில் தொடங்கியது. திருப்பூருக்கு அது வந்தது 1925இல். அந்த ஆண்டு குலாம் காதர் தொடங்கிய பின்னல் கூடமே ஊரின் முதல் பனியன் கம்பெனியாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே திருப்பூர் பருத்திச் சந்தைக்கும் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஆலைகளுக்கும் பெயர் பெற்றிருந்தது. 1860களில் வந்த ரயில் பாதை ஊரைச் சென்னையோடும் மேற்குக் கடற்கரையோடும் இணைத்திருந்தது. நூலுக்குக் கோவைப் பகுதியின் நூற்பாலைகள் இருந்தன.

முதல் மிஷின்கள் கையால் சுற்றுபவை. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கி, கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்த பிறகே மோட்டார் மிஷின்கள் பரவின. அக்காலத்துச் சரக்கு ஒன்றே ஒன்றுதான்: வெள்ளை பனியன். அதற்குச் சாயம் வேண்டியதில்லை, சலவை போதும். நிட்டிங், சலவை, கட்டிங், தையல், மடித்தல், பெட்டியில் அடுக்குதல் எல்லாமே ஒரு முதலாளியின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஒரே ரகச் சரக்கு, உள்நாட்டுச் சந்தை, தேதிக்குக் கட்டுப்படாத விற்பனை என்றிருந்த காலத்தில் வேகத்துக்கான நெருக்கடி குறைவாக இருந்தது.

மிஷினுக்குள்: ஊசியும் ஃபீடரும்

பின்னல் மிஷினின் வரலாறே ஒரு வேலையைப் பல கைகளுக்குப் பிரித்த வரலாறுதான். 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைப் பின்னல் சட்டகம், ஒரு வரிசைக் கண்ணிகளை மொத்தமாக உருவாக்கியது. கையால் பின்னுகிறவர் ஒவ்வொரு கண்ணியாகப் போட வேண்டியிருந்த வேலை அது. 1816இல் மார்க் பிரூனல் காப்புரிமை பெற்ற வட்டப் பின்னல் சட்டகம், வரிசையின் முடிவில் திரும்ப வேண்டிய தேவையை நீக்கியது. துணி குழாயாகத் தொடர்ந்து இறங்கியது.

வட்ட வடிவம் இன்னொரு வழியையும் திறந்தது. ஊசிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்க, சுற்றுவட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் நூல் ஊட்டுவதற்குப் பதிலாகப் பல இடங்களில் ஊட்டலாம். இந்த ஊட்டும் இடத்துக்குத்தான் ஃபீடர் என்று பெயர். பழைய பனியன் மிஷின்களில் சில ஃபீடர்களே இருந்தன. இன்று திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் வழக்கமாக ஓடும் 30 அங்குல விட்டமுள்ள சிங்கிள் ஜெர்ஸி மிஷினில் 90 முதல் 96 ஃபீடர்கள் இருக்கின்றன.

அதன் கணக்கு எளியது. 24 கேஜ் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. 30 அங்குல விட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 94 அங்குலம். ஊசிகள் சுமார் 2,260. ஒரு ஃபீடர் ஒரு சுற்றில் ஒரு வரிசையைப் பின்னும். 96 ஃபீடர்கள் ஒரே சுற்றில் 96 வரிசை பின்னும். மிஷின் நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால் நிமிடத்துக்கு 2,400 வரிசை; ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகள். சென்டிமீட்டருக்கு 16 வரிசை உள்ள துணியானால் நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் இறங்கும். ஒரே ஒரு ஃபீடரோடு அதே வேகத்தில் ஓடும் மிஷின், அந்த நேரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் துணிதான் தரும்.

இந்த வேகத்துக்கான விலை துணியிலேயே தெரியும். 96 வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருளேணி போல ஏறுவதால், ஒரு சுற்று முடியும்போது வரிசை ஆறு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். குழாயை வெட்டி விரித்தால் வரிசைகள் துணியின் அகலத்தில் நேராக ஓடாமல் சாய்ந்து ஓடும். ஃபீடர்கள் கூடக்கூடச் சாய்வும் கூடும். நூலின் முறுக்கும் இதோடு சேர்ந்துகொண்டால், துவைத்த பனியனின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் கோடு விழுவது. 96 ஃபீடர்களில் ஒன்றில் மட்டும் நூலின் இழுவிசை மாறினாலோ, வேறு லாட்டைச் சேர்ந்த நூல் கூம்பு கலந்துவிட்டாலோ, அந்த வரிசை மட்டும் துணியில் தனித்துத் தெரியும். ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு முறை, மிஷினை நிறுத்தும் வரை அது திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் சாயம் ஏறிய பிறகே கண்ணில் படும். இழுவிசை ஒத்திருக்க ஒவ்வொரு ஃபீடருக்கும் ஒரே அளவு நூலை அளந்து விடும் அமைப்பு பொருத்தப்பட்டது. நூல் லாட்டுகளைக் கலக்காமல் வைப்பது நிட்டிங் கம்பெனியின் அன்றாட ஒழுங்கானது. ஏதேனும் ஒரு நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மிஷின் முழுவதும் நின்றுவிடும். மற்ற 95 ஃபீடர்களும் காத்திருக்கும். எல்லாம் ஒரே தாளத்தில் ஓடும் இணை வேலையின் இயல்பு இது. ஒன்று நின்றால் அனைத்தும் நிற்க வேண்டும்.

ஊருக்குள்: கம்பெனி பிரிந்த விதம்

1960களிலிருந்து திருப்பூரின் ஒருங்கிணைந்த கம்பெனிகள் உடையத் தொடங்கின. அதன் முதல் காரணம் தொழிலாளர் உறவு. வேகம் பிறகு வந்தது. கம்யூனிஸ்ட் தொழிற்சங்கங்கள் வலுவாக இருந்த ஊரில் சம்பளம், பஞ்சப்படி, போனஸ் ஆகியவற்றுக்காகப் போராட்டங்கள் நடந்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பொருந்தியது. ஒரே கம்பெனியை மூன்று நான்கு பெயர்களில் சிறு சிறு கூடங்களாகப் பிரித்தால் சட்டத்தின் பிடியும் தளரும். சங்கத்தின் பிடியும் தளரும். பின்னலாடைத் தொழில் 2005 வரை சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததும் இதற்குத் துணை நின்றது. முதலீட்டு வரம்பைத் தாண்டி ஒரே கம்பெனியாக வளர்வதைவிட, அருகில் இன்னொன்றைத் தொடங்குவதே எளிதாக இருந்தது. ஊரை ஆராய்ந்த பமேலா காதோர்ன், ஒரு கம்பெனி பிளந்து இரண்டாகி மேலும் பிளக்கும் இந்தப் போக்குக்கு அமீபா முதலாளித்துவம் என்று பெயரிட்டார்.

பிரிந்த கூடங்களை நடத்தியவர்கள் பலர் முன்பு அதே கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வந்த கவுண்டர் சமூக விவசாயக் குடும்பத்தினர் தொழிலாளியாகத் தொடங்கி, கான்ட்ராக்ட் எடுத்து, சொந்தக் கூடம் போட்ட வரலாற்றை சரத் சாரி 2004இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பதிவு செய்தது. இரண்டு மிஷின் வாங்கப் பணம் புரட்ட முடிந்தவர் ஜாப் ஒர்க் எடுக்கலாம் என்ற நிலை உருவானது. நூலும் துணியும் கொடுப்பவருடையவை. ஜாப் ஒர்க்காரர் கூலி மட்டும் வாங்குவார். நிட்டிங்குக்குக் கிலோ கணக்கு, தையலுக்குப் பீஸ் கணக்கு. 1984இல் பஞ்சப்படிக்காக நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, வேலையை வெளியே கொடுப்பது மேலும் பெருகியது.

சங்கங்களுக்கு எதிராகத் தொடங்கிய பிரிப்பு, ஏற்றுமதி வந்தபோது வேகத்தின் கருவியாயிற்று. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் வாங்க வந்தார். 1981இல் ஐரோப்பியக் கடைத்தொடரான சி அண்டு ஏ வந்தது. நேரடி ஏற்றுமதி சூடு பிடித்தது. 1990இல் ஏ. சக்திவேல் தலைமையில் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சில கோடிகளாக இருந்த ஏற்றுமதி, 2021-22இல் ஏறத்தாழ 33,500 கோடி ரூபாயாக வளர்ந்திருந்தது.

ஏற்றுமதி ஆர்டரில் கப்பல் தேதி உண்டு. தேதி தவறினால் சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். தள்ளுபடி தர வேண்டியிருக்கும். ஆர்டர் ரத்தாவதும் உண்டு. ஒரே ஆர்டரை ஐந்து நிட்டிங் கம்பெனிகளுக்கும் எட்டுத் தையல் கூடங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால், தனக்கென ஒரு மிஷின்கூடக் கூடுதலாக வாங்காமல் ஒரு மாத வேலையை ஒரு வாரத்தில் முடிக்கலாம். அடுத்த மாதம் ஆர்டர் இல்லையென்றால் அந்தக் கூடங்கள் வேறொருவருக்கு ஓடும். இவ்வாறு அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர், மங்கலம், ஊத்துக்குளி வரை ஊரே ஒரு தொழிற்சாலையாக விரிந்தது. கூடங்களுக்கு இடையே துணி உருளைகளையும் வெட்டிய பண்டில்களையும் சுமந்து ஓடும் டெம்போக்கள் அதன் இணைப்புகளாயின. எந்தத் துணி எங்கே நிற்கிறது, எது வந்தால் எது தொடங்கலாம் என்று போனில் துரத்திக்கொண்டே இருக்கும் மெர்ச்சன்டைசர் என்ற வேலை இந்தப் பிரிப்பினால் பெருகியது.

கூடத்துக்குள்: லே, பண்டில், பவர் டேபிள்

கட்டிங்கில் பிரிப்பு வேறு வகையானது. துணியை மேசையில் ஐம்பது, நூறு அடுக்காக விரிப்பதற்கு லே என்று பெயர். பின்னல் துணி இழுபட்டுச் சுருங்கும் தன்மையது என்பதால் விரிப்பதற்கு முன் அதை ஓய்வாகக் கிடக்க விடுகிறார்கள். கட்டிங் மாஸ்டர் மேல் அடுக்கில் முன்பக்கம், பின்பக்கம், கை ஆகிய பாகங்களை வெவ்வேறு அளவுகளில், துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்குகிறார். எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்பது போன்ற விகிதம் ஆர்டரிலேயே வந்துவிடும். பெரிய கம்பெனிகளில் இந்த அடுக்கலை இப்போது கணினி செய்கிறது. பிறகு கத்தி ஒரு முறை இறங்கினால் நூறு அடுக்கிலும் அதே வெட்டு விழும். ஒரே கட்டளை, நூறு துணிகள்.

வெட்டிய பிறகுதான் சேர்க்கும் சிக்கல் வருகிறது. ஒரே சாய லாட்டிலும் உருளைக்கு உருளை நிறம் மயிரிழை மாறும். மூன்றாம் அடுக்கின் முன்பக்கத்தோடு நாற்பதாம் அடுக்கின் கை சேர்ந்தால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது கை வேறு நிறமாகத் தெரியும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு அடுக்கின் ஒவ்வொரு பாகத்திலும் ஒரே எண்ணுள்ள சிறு ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. பாகங்கள் தனித்தனிப் பண்டில்களாக வெவ்வேறு டெய்லர்களிடம் போய்த் திரும்பி, அதே எண்கள் சந்திக்கும்போதுதான் இணைக்கப்படுகின்றன. ஒட்டுவதற்கும் எடுப்பதற்கும் தனி ஆட்கள் வேண்டும். துணிக்கு அழகோ வலிமையோ சேர்க்காத இந்த வேலை முழுவதும், பிரித்ததை ஒழுங்காகச் சேர்ப்பதற்கான கூலி.

பவர் டேபிள் திருப்பூருக்கே அடையாளமான அமைப்பு. நீண்ட மேசைக்கு அடியில் ஒரே மோட்டாரால் சுழலும் தண்டு ஓடும். அதிலிருந்து பெல்ட் மூலம் மேசையின் இரு பக்கத்துத் தையல் மிஷின்களும் இயங்கும். தனித்தனி மோட்டார் வைத்த மிஷின்கள் பரவிய பிறகும், தையல் கூலிக் கூடங்களுக்குப் பவர் டேபிள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓவர்லாக் டெய்லர், பிளாட்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர், அவர்களுக்கு ஓரம் மடித்துத் தரும் கைமடி, பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று வேலையும் கூலியும் வகுக்கப்பட்டன. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்துகொள்ளும் சம்பள ஒப்பந்தத்தில் இந்த வகைகளுக்கே தனித்தனி விகிதம் எழுதப்படுகிறது. காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரையான ஒன்றரை ஷிப்ட், சீசனில் ஊரின் வழக்கமான வேலை நாளாயிற்று.

ஒரு வட்டக் கழுத்து டி-ஷர்ட்டில் எதை எதற்கு முன் தைக்கலாம் என்பதில் வரிசை ஒன்று இருக்கிறது. இரண்டு தோள்களை இணைப்பது, கைகளின் ஓரத்தை பிளாட்லாக்கில் மடித்துத் தைப்பது, கழுத்துக்கான ரிப் துண்டை வளையமாக்குவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எதிர்பார்க்காதவை. மூன்று டெய்லர்கள் ஒரே நேரத்தில் செய்யலாம். கழுத்தை ஏற்ற வேண்டுமானால் தோளும் ரிப் வளையமும் தயாராக இருக்க வேண்டும். கை ஏற்றத் தோளும் மடித்த கையும் வேண்டும். கை ஏறிய பிறகே பக்கத் தையல். பக்கத் தையல் முடிந்த பிறகே அடி மடிப்பு. பத்துப் பேர் இருந்தாலும் ஒரே பனியனின் பக்கத் தையலையும் அடி மடிப்பையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. வெவ்வேறு பனியன்களில் செய்யலாம். அதனால் ஆயிரக்கணக்கான பீஸ்களுக்கு இந்த முறை வேகமானது. ஒரே ஒரு சாம்பிளுக்கு மந்தமானது. சாம்பிள் தைக்க இன்றும் எல்லா மிஷினும் தெரிந்த ஒரே டெய்லரைத் தனியாக உட்கார வைப்பது இதனால்தான்.

கணினியில் இதே கேள்வி

எதை ஒரே நேரத்தில் செய்யலாம், எது காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி கணினியிலும் எழுந்தது. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினிச் சில்லுகளின் கடிகார வேகம் கூடுவது ஏறக்குறைய நின்றுபோனது. தயாரிப்பாளர்கள் ஒரே சில்லில் கோர் எனப்படும் கணக்கிடும் மையங்களை இரண்டு, நான்கு, எட்டு என வைக்கத் தொடங்கினார்கள். ஒரே கோரை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு இதனால் பயன் குறைவு. உலாவி அப்படிப்பட்ட மென்பொருள். அது பக்கத்தின் குறிப்புகளைப் படித்து ஒரு மரமாக அமைக்கும். அந்த மரத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் எழுத்துரு, நிறம், ஓரம் ஆகிய நடைவிதிகளைப் பொருத்தும். பிறகு ஒவ்வொரு பெட்டியின் அகலம், உயரம், இடத்தைக் கணக்கிட்டு அடுக்கும். கடைசியில் திரையில் வரையும்.

2010இல் உலகளாவிய வலை மாநாட்டில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் லியோ மெயரோவிச், ரஸ்திஸ்லாவ் போடிக் இருவரும், நடைவிதி பொருத்துவது, அடுக்குவது, எழுத்துகளை வரைவது ஆகியவற்றைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் வழிகளை முன்வைத்தார்கள். 2012இல் மொசில்லா நிறுவனம் சர்வோ என்ற சோதனை உலாவி இயந்திரத்தை ரஸ்ட் மொழியில் எழுதத் தொடங்கியது. பல கோர்கள் ஒரே நினைவகத்தைத் தொடும்போது ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிடும் பிழைகளை, நிரலைத் தொகுக்கும் கட்டத்திலேயே தடுப்பது ரஸ்டின் சிறப்பு.

நடைவிதி பொருத்துவது எளிதில் பிரிந்தது. ஒரு கணுவுக்குத் தன் தாய்க்கணுவின் விதி தெரிந்தால் போதும். பக்கத்துக் கணுக்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. கையில் வேலை தீர்ந்த கோர், மற்றொரு கோரின் வரிசையிலிருந்து வேலையை எடுத்துக்கொள்ளும். அடுக்கும் வேலை அப்படிப் பிரியவில்லை. அகலம் மேலிருந்து கீழே முடிவாகிறது. உயரமோ உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பொறுத்துக் கீழிருந்து மேலே முடிவாகிறது. ஒரு படத்தை இடப்பக்கம் ஒதுக்கி எழுத்தை அதைச் சுற்றி ஓட விட்டால், படம் எங்கே முடிகிறது என்று தெரியும் வரை பின்னால் வரும் பத்திகளை வைக்க முடியாது. கை ஏறும் வரை பக்கத் தையல் காத்திருப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

2017 நவம்பரில் வெளியான பயர்பாக்ஸ் 57, சர்வோவிலிருந்து நடைவிதி பொருத்தும் பகுதியை எடுத்துக்கொண்டது. பல கோர்கள் ஒரே நேரத்தில் அதில் இறங்கின. அடுக்கும் பகுதி பழையபடியே இருந்தது. 2020இல் மொசில்லா ஆட்குறைப்புக்குப் பின் சர்வோ லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் போனது. அதன் வேலை அங்கே தொடர்கிறது.

இத்தகைய முயற்சிகளின் எல்லையை ஜீன் ஆம்டால் 1967இலேயே கணக்காகச் சொல்லியிருந்தார். ஒரு வேலையின் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்தின் உச்சவரம்பைத் தீர்மானிக்கும். ஓர் ஆர்டருக்கு நாற்பது நாள் ஆகிறது, அதில் பத்து நாள் பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொண்டால், மீதி முப்பது நாள் வேலைக்குக் கைகளை இரட்டிப்பாக்கினால் மொத்தம் இருபத்தைந்து நாள் ஆகும். பத்து மடங்காக்கினால் பதின்மூன்று நாள். ஊரையே கூட்டி வந்தாலும் பத்து நாளுக்குக் கீழே இறங்காது.

பிரியாத வேலை: சாயம்

திருப்பூரில் அந்தப் பத்து நாள் சாயப்பட்டறையில் இருந்தது. வெள்ளை பனியன் காலத்தில் இப்படி ஒரு கட்டமே இல்லை. ஏற்றுமதியோடு நிறங்கள் வந்தன. ஒவ்வொரு சீசனும் புது நிறம். வாங்குபவர் ஒப்புக்கொண்ட சிறு சாம்பிள் துணியின் நிறம்தான் ஆயிரக்கணக்கான பீஸ்களிலும் வர வேண்டும். பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயம் உப்பு, வெப்பம், நேரம் ஆகியவற்றைப் பொறுத்து ஏறுகிறது. ஒரே செய்முறையை இரண்டு பட்டறைகளில் கொடுத்தால் இரண்டு நிறம் வருவது சாதாரணம். ஆகவே ஒரே நிறத்தை ஒரே பட்டறையில், முடிந்தால் ஒரே லாட்டில் போடுவதே வழக்கம். நிட்டிங்கை ஐந்து பேருக்குப் பிரிக்கலாம். தையலை எட்டுப் பேருக்குப் பிரிக்கலாம். நிறத்தைப் பிரித்தால் மேட்சிங் போய்விடும். நிறம் சரியாக வராத லாட்டை மறுபடி ஏற்ற வேண்டும். அதுவரை கட்டிங் மேசை காலியாகக் கிடக்கும்.

பட்டறைகள் பெருகித் தனித்தனி ஆர்டர்களின் காத்திருப்பு குறைந்தது. 1990களின் இறுதியில் சாய, சலவைப் பட்டறைகள் எழுநூறைத் தாண்டின. அவை அனைத்தும் இரண்டு பொதுவான பொருள்களைச் சார்ந்திருந்தன: தண்ணீர், கழிவு போகும் ஆறு. ஊரின் நிலத்தடி நீர் உப்பேறியதால் சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரிகள் தண்ணீர் சுமந்தன. 1995இல் அமைக்கப்பட்ட நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை நிறைவேற்றியது. தண்ணீர் விநியோகத்தில் அரசும் தனியாரும் கூட்டுச் சேர்ந்த இந்தியாவின் முதல் பெரிய திட்டங்களில் அது ஒன்று.

கழிவுக்கு அப்படி ஒரு தீர்வு அமையவில்லை. சாய உப்பு ஊரின் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதியில் ஈரோடு, கரூர் மாவட்ட விவசாயிகளின் கிணறுகளும் நிலங்களும் கெட்டன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நடத்திய வழக்கில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையை அமைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

நிட்டிங் மிஷின்களுக்கும் பவர் டேபிள்களுக்கும் அந்த ஆணை பொருந்தவில்லை. ஆனாலும் சில வாரங்களில் அவற்றுக்கும் வேலை குறைந்தது. பின்னிய துணி வெள்ளையாகவே குவிந்தது. வெட்டச் சாயத் துணி வரவில்லை. ஏற்றுமதியாளர்கள் வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் துணியை அனுப்பிச் சாயமேற்றி வாங்கினார்கள். லாரி வாடகையும் நாட்களும் கூடின. வேலையில்லாத தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பினார்கள்.

2011க்குப் பின்

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவு வெளியேறாத முறைக்கு மாறியதைச் சரிபார்த்து, பட்டறைகள் படிப்படியாகத் திறக்க அனுமதிக்கப்பட்டன. இதற்காகத் தமிழ்நாடு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சவ்வுகளில் வடிகட்டிய தண்ணீர் மறுபடி பட்டறைக்கே போகிறது. எஞ்சும் அடர்ந்த உப்புநீரிலிருந்து உப்பைப் பிரித்துச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். கடைசியில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. சாயக்கூலி முன்பைவிட உயர்ந்தது. சிறு பட்டறைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை.

2011 அனுபவத்துக்குப் பின் பெரிய ஏற்றுமதியாளர்களிடம் ஒரு மாற்றம் உறுதிப்பட்டது. சாயத்தையும் நிட்டிங்கையும் சிலர் தங்கள் கட்டுப்பாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 2005இல் பன்னாட்டு ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்து சந்தை திறந்ததும், வாங்குபவர்கள் தொழிலாளர் நிலையையும் சுற்றுச்சூழலையும் நேரில் வந்து சரிபார்க்கத் தொடங்கியதும் இதே திசையில் தள்ளின. பத்துக் கூடங்களில் சிதறிக் கிடக்கும் வேலையைத் தணிக்கை செய்வது கடினம். ஒரே வளாகத்தில் எளிது. அரை நூற்றாண்டுக்கு முன் உடைந்த ஒருங்கிணைந்த கம்பெனி, இவ்வாறு வேறு உருவில் திரும்பி வந்தது.

சிறு கம்பெனிகளும் உள்நாட்டுச் சரக்குக்காரர்களும் ஜாப் ஒர்க்கைக் கைவிடவில்லை. ஊரிலுள்ள காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும் பனியனும் டவுசரும் இன்றும் பல கூடங்கள் கடந்தே உருவாகின்றன. ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் அந்தக் கூடங்களின் மிஷின்களில் அமர்ந்திருக்கிறார்கள். பிரித்து ஓட்டும் முறைக்கும் சேர்த்து ஓட்டும் முறைக்கும் இடையே எதைத் தேர்வது என்பதை ஆர்டரின் அளவும் தேதியும் தீர்மானிக்கின்றன. சாயப்பட்டறையில் லாட் எப்போது கிடைக்கும் என்று கேட்ட பிறகே இரண்டு வகைக் கம்பெனிகளும் வாங்குபவருக்குத் தேதி சொல்கின்றன.